கட்டாயம் வரவேண்டியோர் பத்துப் பேர்

மலாக்காவில் பரமேஸ்வரன் என்ற பெயரோடு வாழ்கிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் வந்து, நெல்லி மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு ராஜ்ஜியத்தையே ஸ்தாபித்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து வந்தவர் என்னத்தை ஸ்தாபிப்பது?

டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த பரமேஸ்வரன், ஐம்பத்திரண்டு வயது வரை எதையும் ஸ்தாபிக்கவில்லை. குற்றம் அவருடையதல்ல. அவருடைய குரல் பிறவியிலேயே மெல்லியது. ஜாசினுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டப் பள்ளியில் அவர் தினமும் "உள்ளேன் ஐயா" என்று சொல்லியும் வாத்தியார் காதில் அது விழாமல், ஒரு தவணை முழுக்க அவர் பள்ளிக்கே வரவில்லை என்று பதிவாகிவிட்டது. அம்மா முனியம்மா பால்வாளியோடு நேராகப் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டுத்தான் மகன் உள்ளே இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய காயம்தான் அவரை இயந்திரங்களின் நண்பராக்கியது. தொழிற்சாலைக்கு டெலக்ஸ் வந்தபோதும், பின்னால் பேக்ஸ் வந்தபோதும் வாசலுக்குப் போய் வரவேற்றவர் அவர்தான். வாயால் சொன்னால் மூன்றாவது மேசையைத் தாண்டாத ஒரு விஷயம், இயந்திரம் வழியாகச் சொன்னால் சிங்கப்பூர் வரை போகிறது. இதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

1996-ஆம் ஆண்டுக் கடைசியில் கோலாலம்பூர் தலைமை அலுவலகம் ஆறு கிளைகளையும் கம்ப்யூட்டரால் ஒன்றாகக் கட்டியது. அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆபீஸில் எல்லோரும் 'சிஸ்டம்' என்றார்கள். அதில் கடிதம் அனுப்பலாம், பொதுப் பலகையில் விவாதிக்கலாம், கூட்டம் வைத்தால் நாட்காட்டியில் போட்டு எல்லோரையும் அழைக்கலாம். மேனேஜர் அதை ஒரே வரியில் விளக்கினார்: "இது கம்ப்யூட்டர் கோத்தோங் ரோயோங்." ஊர் கூடிச் சாக்கடை வெட்டுவதைப் போல, ஆபீஸ் கூடி வேலை செய்வது. அந்தக் கூட்டு முயற்சிக்கு ஒருங்கிணைப்பாளராக, ஆபீஸ் பாஷையில் கோஆர்டினேட்டராக, பரமேஸ்வரன் நியமிக்கப்பட்டார். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழும் ஒரு காபிக் குவளையும் வாங்கி வந்தார். ராஜ்ஜியம் கிடைத்துவிட்டது.

குடிமக்கள்தான் கிடைக்கவில்லை. இருபத்து நான்கு பேர் வேலை பார்த்த ஆபீஸில், பொதுப் பலகையில் நாற்பத்தோரு நாட்களுக்கு ஒரே ஒரு விவாதம் இருந்தது. தலைப்பு 'நல்வரவு'. எழுதியவர் பரமேஸ்வரன். அதற்குக் கீழே 'நன்றி' என்று ஒரே ஒரு பதில். அதை எழுதியவரும் அவர்தான்.

கணக்குப் பிரிவில் இருந்த செலஸ்டினுக்கும் அவருக்கும் இடையே ஆறடி தூரம். ஸ்டேப்ளர் இருக்கிறதா என்று சிஸ்டம் வழியாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"சார், கண்ணுக்கு முன்னாடிதானே இருக்கு. எட்டி எடுத்துக்குங்க லா," என்றாள் செலஸ்டின், அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அதையே டைப் பண்ணி அனுப்பும்மா. கணக்குல வரும்."

"அதுக்குள்ள நானே எழுந்து வந்து ஸ்டேப்பிள் அடிச்சுக் குடுத்துருவேன்."

ஸ்டோரில் நிலைமை இன்னும் பக்திபூர்வமாக இருந்தது. ஸ்டோர் கீப்பர் வீரப்பன் அங்கே வைக்கப்பட்ட கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் இட்டு, பிளாஸ்டிக் உறை போர்த்தி மூடியவர், பிறகு திறக்கவில்லை. திறப்பதெல்லாம், அதே அறையில் மேசை போட்டிருந்த லோரி சூப்பர்வைசர் ஃபிரெடி. வீரப்பனுக்கு வரும் கடிதங்களையும் அவரே காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்துவிடுவார். பதில் கேட்டுச் சிஸ்டம் கத்தினால் அவரே பொத்தானையும் அமுக்கிவிடுவார்.

இந்த வீரப்பன் பரமேஸ்வரனுக்கு வெறும் ஸ்டோர் கீப்பர் அல்ல. பரமேஸ்வரனின் மனைவி இந்திராதேவிக்குக் கூடப்பிறந்த ஆண் யாருமில்லை. வீரப்பனும் அவள் பிறந்த அதே தோட்டத்தில் பிறந்தவர். இருவரின் தாய்மாரும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் ரப்பர் பால் வெட்டியவர்கள். எந்தச் சடங்கும் செய்யாமல், எந்தக் காகிதத்திலும் எழுதாமல், அவர் இந்திராதேவிக்கு அண்ணன் ஆனார். ஆகவே பரமேஸ்வரனுக்கு மச்சான். ஒரே மகள் திலகவதிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்து உட்கார்ந்தது அந்தத் தாய்மாமன்தான். கல்யாணத்தன்று அவளைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியதும் அவரேதான். அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடையாது.

1997-இல் திலகவதிக்குக் கல்யாணம் கூடியது. செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு, தெங்கேராவில் ஒரு டேவான், அதாவது மண்டபம். அந்த மாதங்களில்தான் சுமத்ராக் காட்டுத்தீயின் புகை வந்து மலாக்காவைப் போர்த்தியது. இந்திராதேவிக்கு மூச்சு இழுப்பு உண்டு. வெளியே தலைகாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவனும் மனைவியுமாகத் தட்டேந்திப் போய் வைக்க வேண்டிய அழைப்பையெல்லாம், பரமேஸ்வரன் தன் சின்னம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உறவுக்காரர் வீடுகளில் வைத்து வந்தார். ஆபீஸ்காரர்கள் பாக்கி.

அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'சிஸ்டத்திலிருந்து மேலும் அதிகப் பயன் பெறுவது எப்படி' என்பது தலைப்பு. பயன்பாட்டில் ஆறாவது இடத்தில் இருந்தது மலாக்கா கிளை. ஏழாவது கிளை என்று ஒன்று இருந்திருந்தால் ஏழாவதாக இருந்திருக்கும். அறிக்கையின் நான்காவது பத்தி சொன்னது: ஊழியர்கள் உண்மையிலேயே அக்கறை காட்டும் நிகழ்ச்சிகளைச் சிஸ்டத்துக்குள் கொண்டு வாருங்கள்.

பரமேஸ்வரன் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தார். இந்த ஆபீஸ் உண்மையிலேயே அக்கறை காட்டும் நிகழ்ச்சி எது? மாதாந்திரத் தரக் கூட்டம் அல்ல என்பது அவருக்குத் தெரியும். சட்டென்று நாட்காட்டியைத் திறந்து, புதிய கூட்டம் என்ற பொத்தானை அமுக்கினார்.

கூட்டத்தின் பெயர்: திலகவதி கல்யாணம். இடம்: தெங்கேரா. நேரம்: ஒன்பது முதல் பத்தரை. தேவையான சாதனங்கள்: இல்லை. எதிர்பார்க்கும் முடிவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் சிஸ்டம் மேலே நகர மறுத்தது. சற்று யோசித்து, 'தாலி கட்டுதல்' என்று எழுதினார்.

அடுத்து வருகையாளர். 'கட்டாயம் வரவேண்டியோர்' என்று ஒரு பட்டியல், 'விரும்பினால் வரலாம்' என்று கீழே இன்னொரு பட்டியல். மேல் பட்டியலில் பத்துப் பேருக்குத்தான் இடம். அதிலும் கூட்டம் கூட்டுபவர் என்ற முறையில் முதல் இடத்தில் அவர் பெயரைச் சிஸ்டமே போட்டுக்கொண்டது. மேனேஜர், பிரிவுத் தலைவர்கள், செலஸ்டின் என்று மற்ற ஒன்பது இடங்களும் நிரம்பின. மீதிப் பதினான்கு பேர் கீழே இறங்கினார்கள். ஆபீஸ் வரிசைப்படி ஸ்டோர் கடைசிப் பிரிவு. அனுப்பும் பொத்தானை அமுக்கும்போது அவர் மனத்தில் மகளின் முகம் இருந்தது, பட்டியலின் கடைசி வரி இல்லை.

ஒரே நாளில் இருபத்து மூன்று பேரும் 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்பிவிட்டார்கள். நூற்றுக்கு நூறு. ஆறாவது இடத்திலிருந்த மலாக்கா கிளை முதலிடத்துக்குத் தாவியது. தலைமை அலுவலகம் பாராட்டிக் கடிதம் எழுதியது. பரமேஸ்வரன் அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

"அண்ணனுக்குத் தட்டு வச்சாச்சா?" என்று வீட்டில் இந்திராதேவி கேட்டாள்.

"ஆபீஸ்லயே அண்ணனுக்குத்தான் மொதல்ல சொன்னது," என்றார் அவர். சொன்ன நொடியில் அது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை. இருபத்து மூன்று பேருக்கும் ஒரே விநாடியில் போன செய்தியில் முதல் யார், கடைசி யார்?

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், செலஸ்டின் தன் நாற்காலியை அவர் மேசைக்கு நகர்த்தி வந்தாள். ஆறடியைக் கடந்து அவள் வந்ததே ஒரு கெட்ட சகுனம்.

"சார், போன வாரம் தீயணைப்புப் பயிற்சிக்கு எத்தன பேரு அக்செப்ட் பண்ணாங்க?"

"இருபத்து மூணு."

"எத்தன பேரு வந்தாங்க?"

"நாலு."

"அதுல ஃபிரெடி சிகரெட் குடிக்க வந்தவரு. அப்ப மூணு."

பரமேஸ்வரன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பாராட்டுக் கடிதத்தைப் பார்த்தார்.

"அந்தப் பொட்டி விடமாட்டேங்குது சார். அக்செப்ட் அமுக்கற வரைக்கும் டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. வாய மூடட்டும்னு அமுக்கறோம் லா. என்னா ஏதுன்னு யாரு படிக்கிறா?"

"அப்ப கல்யாணம்?"

"அதுவும் டிங்னுதானே வந்துச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு சர்ச்சுல மூணு ஞாயிறு பாதர் கல்யாண ஓலை வாசிப்பாரு. ஊருக்கே கேக்கும். அப்பவும் வீட்டுக்கு வந்து கூப்புடலன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க சார். உங்க ஆளுங்களுக்கு நான் சொல்லணுமா? எல்லாரும் 'இன்னிக்கு வருவாரு, நாளைக்கு வருவாரு'ன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க."

"வீரப்பன் மச்சானுமா?"

"அவரு பாக்கெட்டுல ஒரு பேப்பர் வச்சிருக்காரு சார். போய்ப் பாருங்க."

ஸ்டோர் வாசலில் அவரைக் கண்டதும் வீரப்பன் எழுந்து நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் பரமேஸ்வரனுக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் முறை.

"வாங்க கோஆர்டினேட்டர் சார்."

'மாப்ளே' என்று கூப்பிடும் வாயிலிருந்து அந்தச் 'சார்' வந்து விழுந்தது. மூலையில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஃபிரெடி, வெளியே ஏதோ லோரி வந்ததுபோல் எழுந்து போனார். லோரி எதுவும் வரவில்லை.

வீரப்பன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"எனக்கு இங்கிலீஸ் அவ்வளவா வராது. ஃபிரெடிகிட்ட கேட்டேன். வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு போட்டிருக்காம். அப்படியா?"

"மச்சான், அது சிஸ்டம் போட்டது. மேல பத்துப் பேருக்குத்தான் எடம்..."

"பத்துப் பேரு." வீரப்பன் தலையாட்டினார். "மேனேஜர் இருக்காரு. போன வருசம் வந்த க்வாலிட்டிக்காரன் இருக்கான். ஒங்க பேரு மொத எடத்துல இருக்கு. நல்லது சார். அந்தப் புள்ளைக்குக் காது குத்தறப்ப என் மடியில மூத்திரம் பேஞ்சுது. அன்னிக்கு இந்தப் பட்டியல் இல்ல."

பரமேஸ்வரன் ஏதோ சொன்னார். அவருடைய குரல் ஸ்டோரில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைத் தாண்டவில்லை. வீரப்பன் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் பரமேஸ்வரன் எல்லாவற்றையும் சொன்னார். இந்திராதேவி அழவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலையில் தட்டை விளக்கி, வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்து, ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை அவர் நினைவுபடுத்தப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் காரைக் கிளப்பினார்.

புகையில் எதிரே வரும் வண்டி தெரியவில்லை. பகல் பதினோரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு டுரியான் துங்காலுக்கு ஊர்ந்து போனார்கள்.

வீரப்பனின் மனைவி கருப்பாயி வாசலுக்கு ஓடி வந்து இந்திராதேவியைத் தாங்கிப் பிடித்தாள். "இந்தப் புகையில ஏன்டி வந்த, மூச்சு முட்டிச் சாகவா?" வீரப்பன் கைலியோடு உள்ளிருந்து வந்தார். தங்கையை மட்டும் உட்காரச் சொன்னார். பரமேஸ்வரன் நின்றார்.

"அண்ணே," என்று இந்திராதேவி தட்டை நீட்டினாள். இழுப்பில் நெஞ்சு ஏறி இறங்கியது. "ஒங்க மருமகளுக்குக் கல்யாணம். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்." அதற்கு மேல் மூச்சு இல்லை.

வீரப்பன் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கி, கருப்பாயியிடம் கொடுத்தார்.

"தங்கச்சி, ஒன் மூச்சுக்காக வாங்கிக்கிட்டேன். ஆனா அங்க என் பேரு இன்னும் கீழதான் கெடக்கு. ஆபீஸ் பூரா பாத்திருக்கான். நாளைக்கு மணவறைக்குப் பக்கத்துல நான் போயி நின்னா, 'வந்தாலும் சரி வராட்டியும் சரிங்கிற மாமன் வந்திருக்காரு'ன்னு சிரிப்பானுங்க. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. கெளம்புங்க, ஒனக்குக் காத்து ஆகல."

அந்தச் சனியும் ஞாயிறும் பரமேஸ்வரன் மற்ற இருபத்திரண்டு வீடுகளுக்கும் தட்டோடு போனார். இந்துவோ கிறிஸ்துவரோ மலாய்க்காரரோ சீனரோ, வாசலில் வந்து நின்று சொன்னபோது முகம் மலராதவர் யாருமில்லை. மேனேஜர் தட்டைப் பெரிய விருதைப்போல இரண்டு கையாலும் வாங்கினார். ஆனால் தமிழர் வீடுகளில் எல்லாம் பத்திரிகையைப் பிரிப்பதற்கு முன் அதே கேள்வி வந்தது.

"வீரப்பண்ணன் வர்றாரில்ல?"

திங்கட்கிழமை காலை அவர் எல்லோருக்கும் முன்னதாக ஆபீஸுக்கு வந்து, நாட்காட்டியைத் திறந்தார். வீரப்பனின் பெயரைக் கீழ்ப் பட்டியலிலிருந்து பிடித்து மேலே இழுத்தார். சிஸ்டம் ஒரு மணியடித்து மறுத்தது. பத்துப் பேருக்கு மேல் இடமில்லை, ஒருவரை நீக்கவும்.

யாரை நீக்குவது? சரித்திரத்தில் ராஜாக்களுக்கு வந்த சோதனை இதுதான். மேனேஜரை நீக்கினால் வேலைக்கு ஆபத்து. க்வாலிட்டிக்காரரை நீக்கலாம், ஆனால் நேற்றுத்தான் அவர் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்து, தட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார். தட்டு வைத்த பிறகு கீழே இறக்கினால் அது இன்னொரு வீரப்பன். ஒவ்வொரு பெயராக மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே போனார். அந்தப் பத்துப் பேரில், வீடு தேடி வந்து யாரும் தட்டு வைத்து அழைக்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். பட்டியலின் முதல் பெயர்.

பரமேஸ்வரன் அந்தப் பெயரைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

கூட்டம் கூட்டுபவரையே நீக்கச் சம்மதமா என்று சிஸ்டம் இரண்டு முறை கேட்டது. சம்மதம், சம்மதம் என்று அமுக்கினார். காலியான முதல் இடத்தில் வீரப்பனை வைத்தார்.

இந்தச் சிஸ்டத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கூட்டத்தில் எதை மாற்றினாலும் எல்லோருக்கும் சொல்லிவிடும். எட்டரை மணிக்கு ஆள் வந்து உட்கார உட்கார, ஒவ்வொரு மேசையிலும் டிங் என்றது. இந்த முறை எல்லோரும் படித்தார்கள்: 'திலகவதி கல்யாணம். திரு. வீரப்பன்: கட்டாயம். கூட்டம் கூட்டுபவர் திரு. பரமேஸ்வரன்: விரும்பினால் வரலாம்.'

முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. செலஸ்டின் மட்டும் சிரிக்கவில்லை. "சார்," என்று ஆறடி தூரத்திலிருந்து சொன்னாள், "இன்னிக்குத்தான் சார் இந்தப் பொட்டிக்கு ஒரு பிரயோஜனம் வந்திருக்கு."

மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பரமேஷ், சொந்த மக கல்யாணத்துக்கே நீ ஆப்ஷனலா?"

"ஆமா சார்," என்றார் பரமேஸ்வரன். ஆச்சரியம், கடைசி மேசை வரை கேட்டது.

ஸ்டோரில் ஃபிரெடி அந்தச் செய்தியை அச்செடுத்து வீரப்பன் முன்னால் வைத்தார். எல்லோரும் அங்கேயிருந்து ஒரு பதிலுக்குக் காத்திருந்தார்கள். வீரப்பன் அதில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார், பையிலிருந்த பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார், இரண்டையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டிகளை எண்ணப் போய்விட்டார். திங்கள் போனது, செவ்வாய் போனது. பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடியும்வரை இல்லை. ஃபிரெடியிடம் கேட்டதற்கு, "அமுக்கவான்னு கேட்டேன் சார். என் கைய ஒடிச்சுருவேன்னுட்டாரு," என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு டேவான் வாசலில் பரமேஸ்வரன் பட்டு வேட்டியோடு நின்றார். சூரியன் எங்கேயிருக்கிறது என்றே தெரியவில்லை. தெரு முழுக்கப் பழுத்த மஞ்சள் நிறப் புகை. உள்ளே மணப்பெண் அறையில் திலகவதி அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "மாமா வந்துட்டாரா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டாள். வாழைமரம் கட்டுவதாகச் சொன்ன கடைக்காரர் புகையைச் சாக்குச் சொல்லி வரவில்லை. வாசல் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

ஏழேகாலுக்குப் புகைக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் தெரிந்தன. தொழிற்சாலை லோரி. ஓட்டி வந்தவர் ஃபிரெடி. பின்னால், குலையோடு நாலு வாழைமரங்களுக்கு நடுவில், மாமன் சீர்த்தட்டை மடியில் வைத்துக் கருப்பாயியும், வெள்ளை வேட்டி சட்டையில் மரங்களைக் கையால் அணைத்துப் பிடித்தபடி வீரப்பனும் உட்கார்ந்து வந்தார்கள்.

வீரப்பன் இறங்கினார். வாசலை மேலும் கீழும் பார்த்தார். கயிறு எங்கே, ஏணி எங்கே என்று கேட்டார். பரமேஸ்வரன் அவசரமாக ஒரு மரத்தைப் பிடிக்கப் போனார். வாய் திறந்து ஏதோ சொல்லவும் செய்தார். வழக்கம்போல் அது யார் காதிலும் விழவில்லை.

"மாப்ளே," என்றார் வீரப்பன், "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ஓரமா நில்லுங்க. ஆளுங்க வர்றதுக்குள்ள மரத்தக் கட்டணும்."

பரமேஸ்வரன் ஓரமாகப் போய் நின்றார்.